கோழி முந்திய ஜீப்

என் பேரனுக்கு அவன் அப்பா ஒரு பேட்டரி கார் வாங்கித் தந்திருக்கிறான். சிவப்பு நிறம். கதவு மேல்பக்கமாகத் திறக்கிறது, சாவியைத் திருகினால் பாட்டு வேறு. பேரன் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் வண்டி அந்தப் பக்கம் போகிறது. என்னடா இது என்று பார்த்தால், ரிமோட் என் மகன் கையில் இருக்கிறது. வாசலில் நின்றுகொண்டு மகன்தான் ஓட்டுகிறான். பிள்ளை தான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. கேட்டால், "பாதுகாப்பும்மா" என்கிறான்.

என் வயதுக்காரர்களே, இந்தக் கூத்தை நீங்களும் உங்கள் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். தலையில் அடித்துக்கொள்ள வேண்டியவர்கள் அடித்துக்கொள்ளலாம். நான் அடித்துக்கொண்டாயிற்று. ஏனென்றால் நானும் வண்டி ஓட்டினவள். அதுவும் ஜீப். ஒன்பது வயதில், எங்கள் கம்பம் ஊரில், ஒரு கோடை விடுமுறை முழுக்க.

அப்பா ஜீப் டிரைவர். ஜீப் ஓர் ஏலக்காய்த் தோட்ட முதலாளியுடையது. காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறுவார், பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்குவார். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள். வந்தவர்கள் எல்லோரும் ஏறுவார்கள், அவ்வளவுதான். மலையேறுகிற வண்டியையே பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. மாடு வாங்குகிறவரிடமும், பம்புசெட் வைக்கிறவரிடமும், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வருகிறவரிடமும் அதையே கேட்பார்: "இழுவை எப்பிடி?"

ஏலக்காய் பறிப்பு முடிந்துவிட்டால் கோடையில் மலைக்கு ஆள் அதிகம் போகாது. களையெடுப்புக்குக் கொஞ்சம் பேர் போவார்கள். மத்தியானங்களில் அப்பா வீட்டில் இருப்பார். அந்தச் சமயம் பார்த்து அத்தை வந்து சேர்வார். அப்பாவின் அக்கா, உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்தவர். வருவது விருந்துக்கு, வந்த பிறகு செய்வதெல்லாம் நிர்வாகம். நல்ல ஆகிருதி. அத்தை உட்கார்ந்து எழுந்த நாற்காலியை அம்மா ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓரமாகப் போடுவார்.

அந்த வருடம் அத்தை எங்களை மதுரைக்குப் பொருட்காட்சி பார்க்கக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கொட்டகையில் சின்னப் பிள்ளைகள் மிதித்து ஓட்டும் தகரக் கார்கள் இருந்தன. என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. எனக்குப் பிறகு நான்கு வருடம் கழித்து, குலசாமியைத் தொந்தரவு பண்ணிப் பெற்ற பிள்ளை. அத்தை அவனைத் தூக்கி ஒரு காரில் வைத்தார். வைத்த உடனே வீல் என்று அழ ஆரம்பித்தான். தூக்கினாலும் அழுகை, இறக்கினாலும் அழுகை. பஸ்ஸில் ஆண்டிபட்டி வரும்வரைக்கும் விம்மிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஏலே, எம் மருமகன் காருக்கு ஏங்கிப்போயிக் கெடக்கான். ஒரு காரு செஞ்சு குடுக்க மாட்டியா? நீயெல்லாம் என்னத்த டிரைவரு?"

"காரு எனக்குத் தெரியாதுக்கா" என்றார் அப்பா. "ஜீப்புன்னாச் செய்யலாம்."

அம்மா முற்றத்தில் சாக்கை விரித்து ஏலக்காய் தரம்பிரித்துக்கொண்டிருந்தார். பச்சையும் வெளிறியதும் தனித்தனியாக விழுந்துகொண்டிருந்தன. தலையைத் தூக்காமலே, "ஒழுகுற கூரை ஓட்ட மாத்த நேரமில்ல, ஜீப்பு செய்ய நேரமிருக்கு இவுகளுக்கு" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாளிலிருந்து சாமான்கள் வந்து இறங்க ஆரம்பித்தன. ஏலக்காய் ஸ்டோரில் உடைந்து கிடந்த தள்ளுவண்டியின் நான்கு இரும்புச் சக்கரங்கள். அவற்றைச் சுற்றிக் கம்பியால் கட்டப் பழைய டயரில் கீறிய பட்டைகள். திராட்சைப் பெட்டிப் பலகைகள், அவற்றில் பன்னீர்த் திராட்சையின் புளித்த வாசனை இன்னும் இருந்தது. திராட்சைப் பந்தல் கம்பி ஒரு சுருள். தண்ணீர்க்குழாய் ஒரு நீளம், தகரத் தகடு கொஞ்சம். சைக்கிள் கடையிலிருந்து பெடலும் செயினும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நிஜ ஜீப்பின் ஸ்டியரிங். எங்கேயோ மலையில் உருண்டு நொறுங்கிப்போன ஜீப்புடையது என்றார்கள். அந்த வீல் எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரை மூடியைவிடப் பெரிது. "சின்னதா ஒண்ணு வைக்கலாமேப்பா" என்று கேட்டதற்கு, "சின்னது வெளாட்டுச் சாமானுக்குத்தான்" என்றார் அப்பா. தான் செய்வது என்ன சாமான் என்று அவர் நினைத்திருந்தாரோ, தெரியாது.

அளவு எடுக்கிற நாளில் தம்பி நிற்கவில்லை. பிடித்து உட்காரவைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடினான். வேப்ப மரத்தைச் சுற்றி அப்பாவும் அவனும் கொஞ்ச நேரம் ஓடினார்கள். அப்புறம் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, நீ வா. இங்கன உக்காரு. கால நீட்டு."

கவிழ்த்த திராட்சைப் பெட்டியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். என் குதிகால் இருந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். என் கால் அளவுக்கு இதற்குமுன் செருப்புக்கூட எடுத்ததில்லை, பெரியம்மா மகள் போட்டுக் கழித்ததுதான் வரும்.

அத்தை விடுவாரா? "வண்டி அவனுக்கு. அளவு இவளுக்கா?"

"வளர்ற பிள்ளைதானக்கா. டவுசர் தைக்கையில என்ன செய்யிறோம்? ரெண்டு வருசம் போடட்டும்னு பெருசாத்தான தைக்கிறோம்?"

இந்த நியாயத்துக்கு அந்தக் காலத்தில் யாரிடமும் மறுப்புக் கிடையாது. நாம் எல்லோரும் அப்படித் தைத்த உடுப்புக்குள்தான் வளர்ந்தோம். பாவாடையில் மூன்று மடிப்பு உள்ளே தைத்திருக்கும், வருடத்துக்கு ஒன்றாகப் பிரிப்பார்கள். ஜீப்புக்குப் பிரிக்க மடிப்பு கிடையாது என்பது அப்போது அப்பாவுக்குத் தோன்றவில்லை, அத்தைக்கும் தோன்றவில்லை.

செயின் மாட்டும் அன்று சைக்கிள் கடைக்காரர் வந்தார். அப்பாவின் கூட்டாளி, கூடப்பிறந்தவர் மாதிரி. அப்பா பெடலில் சின்னப் பல்சக்கரத்தையும், பின் அச்சில் பெரிய பல்சக்கரத்தையும் மாட்டி வைத்திருந்தார். பார்த்ததும் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"அண்ணே, மாத்தி வச்சிருக்கீக. பெருசு பெடல்ல, சின்னது பின்னாடி. சைக்கிளப் பாருங்க."

"சைக்கிளு ஒத்த ஆளு போறது. இது ஜீப்பு. மேடு ஏறணுமா வேணாமா?"

"தெருவுல ஓட்டப்போற பிள்ளைக்கு மேடு எதுக்குண்ணே?"

"வண்டின்னு ஒண்ணு செஞ்சா அது ஏறணும்ப்பா. இழுவைதான் முக்கியம். ஓட்டமெல்லாம் அப்புறம்."

பிரேக் வேறு. மரக்கட்டையை டயரில் அழுத்துகிற மாதிரி ஒரு நெம்புகோல். அது போதாதென்று கை பிரேக். இரண்டும் போதாதென்று, சரிவில் நிற்கும்போது சக்கரத்துக்கு அடியில் கொடுக்க ஓர் ஆப்புக் கட்டை, கைப்பிடி வைத்து. மலையில் ஜீப் நிற்கும்போதெல்லாம் கிளீனர் குதித்து இறங்கிக் கட்டை போடுவானே, அதே கட்டை, சின்ன அளவில்.

முதலாளியின் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை அடித்தார்கள். காய்ந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை சூடம் கொளுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தம்பியைத் தூக்கி டிரைவர் இடத்தில் உட்காரவைத்தார் அத்தை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவன் தலைமுடி மட்டும் தெரிந்தது. கால் பெடலுக்கு ஒரு சாண் முன்னாலேயே தொங்கியது. முதுகுக்குத் தலையணை கொடுத்தால் மூக்கு ஸ்டியரிங்கில் இடித்தது. அவன் பொருட்காட்சியில் அழுத அதே அழுகையை அழுதான்.

"கால் எட்டலன்னு அழுகுறான்" என்றார் அத்தை. "பெடல் மாட்டின குழாய வெட்டிக் கொறைச்சு ஒட்டுங்க."

குழாயை வெட்டினால் பெடல் தம்பிக்குக் கிட்டே வரும். ஆனால் எனக்கு முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டும். பிறகு அந்த வண்டி எனக்கு இல்லை. சாக்பீஸ் கோடு போட்ட நாளிலிருந்து நான் அதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தவள். நல்லவேளை, சைக்கிள் கடைக்காரர் தேவாரத்தில் மாமனார் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து வெட்டித் தருவதாகச் சொன்னார்.

"அதுவரைக்கும் இவ ஓட்டட்டும்" என்றார் அப்பா. "சும்மா கெடந்தா செயின் துருப்பிடிச்சுரும்."

இப்படியாக எனக்கு ஒரு வாரம் கிடைத்தது.

சனிக்கிழமை காலை தெருவே கூடியது. நான் ரிப்பனெல்லாம் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். மிதித்தேன். கால் இரண்டும் தறிகெட்டுச் சுழன்றன. வண்டி நகர்ந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தேன். நகர்ந்துகொண்டுதான் இருந்தது, தலையில் குடத்தோடு நடக்கும் பெண்ணைவிட மெதுவாக. எதிர்வீட்டுக் கோழி ஒன்று குஞ்சுகளோடு பின்னால் வந்தது. கொஞ்ச தூரம் கூடவே நடந்துவிட்டு, குப்பையை இரண்டு கிளறு கிளறிவிட்டு, அப்புறம் என்னை முந்திக்கொண்டு போனது. பையன்கள் தரையில் உருண்டு சிரித்தார்கள். அப்பா மட்டும் ஒரு பக்கமாக நடந்துவந்து, "சத்தமே இல்லாம எப்பிடி இழுக்குது பாரு" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

மானத்தைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுப் பெண். என் வகுப்பு. கால் வலிக்கிறது என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவள் தங்கை ஏறினாள். அப்போதும் அதே வேகம். சிரித்த பையன்களில் ஒருவன் பந்தயம் கட்டுகிற மாதிரி ஏறினான், அவன் பின்னால் இன்னொருவன். மட்கார்டில் ஒருத்தி, பானட்டில் ஒருவன். மிதித்தேன். கால் அதே சுழற்சி, வண்டி அதே நடை. ஒரு ஆள் ஏறினாலும் ஒன்றுதான், ஊரே ஏறினாலும் ஒன்றுதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா பொம்மை செய்யவில்லை, நிஜமாகவே ஜீப் செய்திருக்கிறார்.

அதற்கப்புறம் அந்த வாரத்தைக் கேட்பானேன்! எங்கள் தெரு முடிவில் வாய்க்கால் மேடு இருக்கிறது. அதற்குக் கம்பம்மெட்டு என்று பேர் வைத்தோம். காலையிலேயே பிள்ளைகள் தூக்குவாளியும் கையுமாக, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, தோட்டத்துக்குப் போகிற ஆட்களாக வந்து நிற்பார்கள். கூலிக்குப் பந்தலடியில் உதிர்ந்த திராட்சை. மேட்டின் உச்சிக்குப் போய் இறக்கிவிட்டு, ஆளில்லாத வண்டியைப் பிரேக்கில் பைய இறக்கிக்கொண்டு வருவேன். வாய்க்கால் தண்ணீரின் குளிர் முகத்தில் அடிக்கும். தொடை இரண்டும் இரவில் கடுக்கும், அம்மா நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார். அந்தக் கைகளில் எப்போதும் ஏலக்காய் மணம் இருக்கும்.

தம்பி முதல் நாள் தூரத்தில் நின்றே பார்த்தான். இரண்டாம் நாள், வண்டியின் பின்பக்கத்துப் பலகையில் ஏறித் தொற்றிக்கொண்டான். ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தகரத்தைத் தட்டி, "போட்டே!" என்று கத்தினான். அப்பாவுடைய ஜீப்பின் கிளீனர் மெட்டுக்கு அந்தப் பக்கத்து ஆள். மலையாளத்தில் அப்படித்தான் கத்துவான், வண்டி போகட்டும் என்று. நான் பாதி மேட்டில் மூச்சு வாங்கி "கட்டை!" என்றால் தம்பி குதித்து இறங்கி, ஆப்பைச் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பான். வண்டி மலை மாதிரி நிற்கும். இளைப்பாறி மறுபடி மிதித்தால், கட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்து தொற்றுவான். ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. பென்சிலைக்கூட ஒழுங்காகப் பிடிக்காத பயல்.

பெரியவர்களில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருக்காது.

சைக்கிள் கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடோடு வந்துவிட்டார். வாசலில் வண்டியைச் சாய்த்துப் போட்டு, எவ்வளவு குறைக்கலாம் என்று பார்த்தார்கள். நிமிர்த்தி வைத்து, அளவு குறிக்கத் தம்பியைத் தூக்கி டிரைவர் இடத்தில் வைத்தார் அத்தை. அலறினான். அத்தையின் கையைக் கடித்துவிட்டுக் கீழே குதித்தான். ஓட்டமாக ஓடிப் பின்பலகையில் ஏறி நின்றுகொண்டு, கண்ணில் நீர் வழிய, தகரத்தைத் தட்டி, "போட்டே! போட்டே!" என்றான்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"ஏலே, ஆம்பளப் பிள்ளை ஓட்டாமப் பின்னாடி தொத்திக்கிட்டா போவான்?" என்றார் அத்தை, கையைத் தடவிக்கொண்டே.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெனமும் காலையில கெளம்பையில எந்திரிச்சு வாசலுக்கு வாரான்ல, என்னைய வழியனுப்பத்தான் வாரான்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். அவன் கிளீனரப் பாக்க வந்துருக்கான்க்கா."

"சின்னப் பிள்ளை. பழகிருவான்" என்றார் அத்தை. "நீ வெட்டுப்பா."

கடைக்காரர் பிளேடைக் குழாயின் மேல் வைத்தார். நான் அழுதேன். மறைவாக ஒன்றும் இல்லை, தெரு கேட்கவே அழுதேன். "வெட்ட வேணாம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அம்மா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார்.

"கோவிச்சுக்கிட்டுப் போறாக" என்றார் அம்மா.

அப்பா வாய்க்கால் மேட்டின் அடிவரைக்கும் போனார். அங்கே நின்று திரும்பினார். வேலைக்குப் போகிறவர்கள் ஜீப்பை மறிக்கக் கையை நீட்டுவார்களே, அப்படி நீட்டினார்.

"டிரைவரே! மெட்டுக்குப் போவீகளா? ஒரு ஆளுக்கு எடமிருக்குமா?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தெருவில் வேறு டிரைவர் யாரும் இல்லை. அதுவரை அப்பாவுக்கு நான் ஆத்தா, கோபம் வந்தால் கழுதை. 'போவீகளா' என்று என்னை யாரும் கேட்டதில்லை. ஒன்பது வயதுப் பெண்பிள்ளையை எந்த ஊரில் அப்படிக் கேட்பார்கள்?

சைக்கிள் கடைக்காரர் குழாயிலிருந்து பிளேடை எடுத்துச் சாமான் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். தம்பி தகரத்தைத் தட்டினான். மேட்டடிவரைக்கும் ஓட்டிப்போய் அப்பா பக்கத்தில் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்க்காமல், "ம், ஏறுங்க" என்றேன். டிரைவர்கள் பயணிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை.

அப்பா பின்னால் ஏறி, முழங்கால்களை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக் கொஞ்சம் உந்தியிருக்கலாம், நான் கவனித்திருக்கவே மாட்டேன். அவர் ஊன்றவில்லை. இரண்டு காலையும் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டு, முழு பாரத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டு, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். மிதித்தேன். வண்டி ஏறியது. பாதி மேட்டில் "கட்டை!" என்றேன், தம்பி போட்டான். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மிதித்தேன். சொன்னால் நம்புங்கள், இதுவரைக்கும் நான் பட்ட சந்தோஷங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த ஏற்றத்துக்குக் கிட்டே வராது.

உச்சியில் அப்பா இறங்கினார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். இப்போது யோசித்தால், துடைத்தது வியர்வையாக இருக்க முடியாது, மிதித்தது நான்தானே. வண்டியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "கீழ ஆள் நிக்கிது டிரைவரே, வெரசாப் போங்க" என்றார்.

எட்டிப் பார்த்தேன். மேட்டின் அடியில், சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, அத்தை கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.